வேகன் கேட்ட விவசாயிகள்



1902ஆம் ஆண்டின் இறுதியில், மேற்குக் கனடாவின் பிரெய்ரி புல்வெளியில் சின்டலூட்டா என்ற சிற்றூரில் ஒரு வழக்கு நடந்தது. குற்றம் சாட்டப்பட்டவர் அவ்வூர் ரயில் நிலையத்தின் ஏஜென்ட். கனடியன் பசிபிக் ரயில்வேயின் சம்பளக்காரர். அவர் திருடவில்லை, யாரையும் அடிக்கவில்லை. விவசாயிகள் பெயர் கொடுத்த வரிசைப்படி அவர்களுக்குச் சரக்கு வேகன் ஒதுக்கவில்லை, அவ்வளவுதான் குற்றச்சாட்டு. வழக்குத் தொடுத்தவர்கள் கோதுமை விவசாயிகள். எதிரே நின்றதோ கனடாவிலேயே பெரிய கம்பெனி. தீர்ப்பு விவசாயிகள் பக்கம் வந்தது. மேல்முறையீட்டிலும் அது நிலைத்தது.

ரயில் வந்தால் விளைபொருளுக்குச் சந்தை கிடைக்கும் என்று நாமெல்லாம் பள்ளிப் புத்தகத்தில் படித்திருக்கிறோம். சின்டலூட்டா வட்டாரத்துக்கு 1882லேயே தண்டவாளம் வந்துவிட்டது. ஆனால் அந்தத் தண்டவாளத்தின் மேல் தன் கோதுமையைத் தன் பெயரில் அனுப்பும் உரிமை ஒரு சாதாரண விவசாயியின் கைக்கு வர மேலும் இருபது ஆண்டுகள் பிடித்தன. அதையும் போராடித்தான் வாங்க வேண்டியிருந்தது. அந்த இருபது ஆண்டுகளையும், அவற்றின் முன்னும் பின்னும் நடந்தவற்றையும் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

முதலில் அந்த நிலத்தை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். வினிப்பெக் நகரத்திலிருந்து மேற்கே ராக்கி மலை அடிவாரம் வரை ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல் நீளும் சமவெளி. மரம் குறைவு, மழையும் குறைவு. குளிர்காலத்தில் வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே முப்பது, நாற்பது பாகை இறங்கும். விதைத்து அறுக்க நூறு நாளுக்குச் சற்று மேல்தான் அவகாசம். கரிசல் போன்ற கறுப்பு மண். கோதுமைக்கு அருமையான மண். ஆனால் விளைந்ததை எங்கே விற்பது? கடல் இரண்டு பக்கமும் வெகுதூரம் தள்ளி இருக்கிறது. வண்டியில் கோதுமையை ஏற்றிக் கொஞ்ச தூரம் போனாலே, குதிரைக்கான தீனிச் செலவும் ஆள் கூலியும் கோதுமையின் விலையைத் தின்றுவிடும்.

1876இல், வினிப்பெக் இருக்கும் மனிடோபா மாநிலத்திலிருந்து முதன்முதலாகக் கிழக்கே கோதுமை போனது. மொத்தம் 857 புஷல். ஒரு புஷல் என்பது 60 பவுண்டு, நம் கணக்கில் 27 கிலோ. அதாவது இன்றைய இரண்டு லாரிக்குள் அடங்கிவிடும் சரக்கு. அதுகூடச் சாப்பாட்டுக்கு அல்ல, விதைக்காக. ஒன்டாரியோவில் பயிர் நொடித்ததால், 'ரெட் ஃபைஃப்' என்ற ரகத்தின் விதைதேடி ஒரு விதை வியாபாரி டொராண்டோவிலிருந்து வினிப்பெக்குக்கே வந்தார். அந்த மூட்டைகள் ரெட் ஆற்றில் நீராவிப் படகேறி, அமெரிக்க எல்லைக்குள் போய், அங்கே ரயிலேறி, சுற்றிச் சுற்றித்தான் டொராண்டோ சேர்ந்தன. கனடாவின் ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குப் போக இன்னொரு நாட்டு மண்ணை மிதிக்க வேண்டியிருந்த காலம் அது.

இதை மாற்றத்தான் 1881இல் கனடிய அரசு கனடியன் பசிபிக் கம்பெனியுடன் ஒப்பந்தத்தைச் சட்டமாக்கியது. கம்பெனிக்கு இரண்டரைக் கோடி டாலர் பணம். இரண்டரைக் கோடி ஏக்கர் நிலம். வரிச் சலுகைகள். இவை போதாதென்று, இருபது ஆண்டுக்கு அமெரிக்க எல்லையை நோக்கிப் போட்டிப் பாதை எதுவும் வேறு யாரும் போடக்கூடாது என்ற ஏகபோக ஷரத்து. இந்தக் கடைசி ஷரத்துதான் பின்னால் வந்த பல கசப்புகளின் வேர். மனிடோபா மக்கள் அதை எதிர்த்துக் கொந்தளித்தார்கள். 1888இல் அது ரத்தானது. ஆனாலும் அந்த ஏழு ஆண்டுகளில் யார் எஜமான் என்பது எல்லாருக்கும் விளங்கிவிட்டது.

பாதை போட்டவர்களைச் சொல்லாமல் தாண்டிப் போக மனம் வரவில்லை. பிரிட்டிஷ் கொலம்பியாவின் மலைப் பகுதியில் ஏறத்தாழ 15,000 சீனத் தொழிலாளர்கள் உழைத்தார்கள். வெள்ளைக்காரத் தொழிலாளிக்குக் கொடுத்ததைவிடக் குறைந்த கூலிக்கு, பாறை வெடிக்கும் இடங்களில் வேலை. எத்தனையோ பேர் அங்கேயே செத்தார்கள். 1885 நவம்பர் 7 அன்று கிரெய்கெல்லாக்கி என்ற இடத்தில் கடைசி ஆணி அடிக்கப்பட்டது. அதே 1885இல்தான் சீனர்கள் கனடாவுக்குள் வர ஆளுக்கு 50 டாலர் தலைவரி விதித்து அந்நாட்டு நாடாளுமன்றம் சட்டம் போட்டது. பாதை முடிந்தது, பாதை போட்டவர்களுக்குக் கதவு சாத்தப்பட்டது.

அந்த ஆண்டில் இன்னொன்றும் நடந்தது. தங்கள் நிலம் பறிபோவதை எதிர்த்து, பூர்வகுடியினரும் ஐரோப்பியரும் கலந்த வழிவந்த மேட்டீ மக்கள் லூயி ரியெல் தலைமையில் எழுந்தார்கள். படைகளை அவ்வளவு வேகமாக மேற்கே கொண்டுபோனது, இன்னும் முழுதாக முடியாத நிலையிலிருந்த இதே ரயில்தான். கடைசி ஆணி அடித்து ஒன்பதாம் நாள் ரியெல் ரெஜைனா நகரில் தூக்கிலிடப்பட்டார். கோதுமைச் சந்தையின் வரலாற்றில் இதற்கு என்ன இடம் என்று கேட்கலாம். நிலம் காலியாக இருந்தது, குடியேறிகள் வந்து விதைத்தார்கள் என்று கதையைத் தொடங்குவது பொய். நிலம் காலியாக்கப்பட்டது. இதைப் பற்றி மறுபடி பேசுவேன்.

இப்போது கோதுமை எப்படிப் போனது என்பதற்கு வருவோம். இந்தப் பகுதியில்தான் நான் சற்று நிதானிக்கப் போகிறேன். ஏனென்றால் அநியாயம் எங்கே ஒளிந்திருந்தது என்பது இங்கேதான் தெரியும்.

ரயில் பாதையில் ஏறத்தாழ பத்து மைலுக்கு ஒரு நிலையம். குதிரை வண்டியில் காலையில் கோதுமை ஏற்றிக் கிளம்பும் விவசாயி இருட்டுவதற்குள் வீடு திரும்ப வேண்டும் என்பதுதான் அந்தக் கணக்கு. நிலையத்தின் பக்கத்தில் மரத்தாலான ஓர் உயரக் கட்டடம் நிற்கும். அங்கே அதற்கு 'எலிவேட்டர்' என்று பெயர். நான் தானியக் கோபுரம் என்று சொல்கிறேன். வண்டி அதன் சரிவுப் பாதையில் ஏறும். எடை பார்ப்பார்கள். கோதுமையைக் கீழேயுள்ள குழியில் கொட்டுவார்கள். வாரில் கோத்த சிறு வாளிகள் அதை அள்ளி உச்சிக்குக் கொண்டுபோகும். அங்கிருந்து தரவாரியாக அறைகளில் விழும். வேகன் வந்து நின்றதும் குழாய் வழியாகக் கோதுமை தானே கீழே பாயும். மூட்டை கட்ட வேண்டாம், தூக்க வேண்டாம்.

இது அருமையான ஏற்பாடு. ஆனால் கோதுமை அந்தக் குழியில் விழுந்த கணமே அது உங்கள் கோதுமை அல்ல. ஊரார் கோதுமையோடு கலந்துவிடும். உங்களிடம் இருப்பது ஒரு சீட்டு: இத்தனை புஷல், இந்தத் தரம், இத்தனை பவுண்டு தூசும் களை விதையும் கழிவு. அந்த மூன்று எண்களையும் எழுதுபவர் கோபுரத்தின் ஏஜென்ட். எடைக்கல்லும் அவருடையது, சல்லடையும் அவருடையது, தரத்தைக் கண்ணால் பார்த்துச் சொல்பவரும் அவரே. விலை சொல்பவரும் அவரே.

'விலை பிடிக்கவில்லை, நான் நேரடியாக ஒரு வேகனில் ஏற்றி அனுப்பிக்கொள்கிறேன்' என்று விவசாயி சொல்ல முடியாதா? முடியாது. கோபுரங்கள் கட்ட ஆட்களை இழுப்பதற்காகக் கனடியன் பசிபிக் ஒரு சலுகை கொடுத்திருந்தது. குறைந்தது 25,000 புஷல் கொள்ளளவில் ஒரு கோபுரம் கட்டினால், அந்த நிலையத்தில் சிறு கிடங்குகளுக்கோ வண்டியிலிருந்து நேராக ஏற்றுபவர்களுக்கோ கம்பெனி வேகன் தராது. அவ்வளவு பெரிய கோபுரம் கட்ட எந்த விவசாயியிடம் பணம் இருந்தது? விரைவிலேயே ஒரு சில கம்பெனிகள் பாதை நெடுகக் கோபுரங்களை வரிசையாகக் கட்டி வைத்துக்கொண்டன. பக்கத்துப் பக்கத்துக் கோபுரங்கள் போட்டி போடுவதற்குப் பதில், காலையில் தந்தி வரும்போதே ஒரே விலையைப் பேசி வைத்துக்கொள்கின்றன என்று விவசாயிகள் குமுறினார்கள்.

நம் கிராமத்து விவசாயி கமிஷன் மண்டியில் நின்று எடையையும் கழிவையும் பார்த்துத் தவிக்கிறாரே, அதே தவிப்புதான். அங்கே அதற்கு மேல் ஒன்று: பனி.

வினிப்பெக்கிலிருந்து கிழக்கே போகும் ரயில் சுப்பீரியர் ஏரிக்கரையில் ஃபோர்ட் வில்லியம் துறைமுகத்தில் கோதுமையை இறக்கும். அங்கிருந்து கப்பலில் பேரேரிகள் வழியாகக் கிழக்கே போய், மான்ட்ரியல் போன்ற துறைமுகங்களிலிருந்து லிவர்பூல் சேரும். டிசம்பரில் பனிக்கட்டியால் ஏரிப் பாதை மூடிவிடும். வசந்தம் வரை கப்பல் கிடையாது. அறுவடையோ ஆகஸ்டு இறுதியில் தொடங்கி செப்டம்பர், அக்டோபர் வரை போகும். ஆக, விளைச்சலைத் தண்ணீர் வழியே மலிவாக அனுப்ப இரண்டு மூன்று மாதம்தான் கெடு. அந்தக் கெடுவுக்குள் வேகன் கிடைத்தவன் நல்ல விலைக்கு விற்பான். கிடைக்காதவன் கோபுரக்காரர் சொன்ன விலைக்கு விட்டுவிட்டுப் போக வேண்டும். அல்லது வயலில் குவித்துவைத்து, மழையும் பனியும் எலியும் தின்றது போக மிச்சத்தை வசந்தத்தில் விற்க வேண்டும். அவனுக்கு அக்டோபரிலேயே கடன் தவணை இருக்கும். அறுவடை இயந்திரத்துக்கான தவணை, கடைப் பாக்கி, கதிரடித்தவர்களின் கூலி எல்லாம் அப்போதுதான் வந்து நிற்கும். ஒரு விவசாயக் குடும்பத்தின் ஆண்டு முழுவதற்குமான தலையெழுத்து, அந்த ஒரு வேகன் எந்தத் தேதியில் நிலையத்துக்கு வந்து நிற்கிறது என்பதில் இருந்தது.

ஆகவே விவசாயிகள் மானியம் கேட்கவில்லை. வேகன் கேட்டார்கள்.

இந்தக் கூக்குரல் நாடாளுமன்றம்வரை போய், 1899இல் அரசு ஓர் ஆணையத்தை அமைத்தது. புகார்களில் உண்மை இருக்கிறது என்று ஆணையம் சொன்னது. 1900இல் 'மனிடோபா தானியச் சட்டம்' வந்தது. விவசாயி தன் வண்டியிலிருந்தே நேராக வேகனில் ஏற்றிக்கொள்ள நிலையங்களில் மேடை கட்டித் தர வேண்டும், அவனுக்கும் வேகன் தர வேண்டும் என்றது அது. காகிதத்தில் நல்ல சட்டம்தான். ஆனால் யாருக்கு முதலில் வேகன் என்று அதில் தெளிவில்லை.

அடுத்த ஆண்டே அந்த ஓட்டை பெரும் பள்ளமாகத் தெரிந்தது. 1901இல் பிரெய்ரி அதுவரை காணாத விளைச்சல். ரயில்வேயிடம் போதிய என்ஜினும் இல்லை, வேகனும் இல்லை. இருந்த வேகன்கள் கோபுரங்களுக்கே போயின. பனி விழுந்தபோது விளைச்சலில் ஏறத்தாழ பாதி இன்னும் பண்ணைகளிலேயே கிடந்தது. 'கோதுமை முற்றுகை' என்று அந்தப் பருவத்துக்கே பெயர் விழுந்தது. நல்ல விளைச்சலே தண்டனையாக மாறுவதைக் காண்பது விவசாயிக்கு எவ்வளவு கொடுமை என்பதை, தக்காளியைச் சாலையில் கொட்டிய முகங்களைப் பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

அந்த டிசம்பரில் இண்டியன் ஹெட் என்ற ஊரில் ஓர் அரசியல் விவாதம் நடந்தது. இரு பிரதேசங்களின் முதல்வர்கள் மோதிய விவாதம். அதைக் கேட்க வட்டாரம் முழுவதிலிருந்தும் விவசாயிகள் வந்திருந்தார்கள். அபர்னெத்தி ஊர்க்காரர்களான டபிள்யூ. ஆர். மதர்வெல், பீட்டர் டேமன் என்ற இருவர் அந்தக் கூட்டத்தைப் பயன்படுத்திக்கொண்டார்கள். மதர்வெல்லின் ஊருக்கு அப்போது ரயிலே கிடையாது. குவாப்பெல் பள்ளத்தாக்கில் இறங்கி ஏறித்தான் அவருடைய கோதுமை இண்டியன் ஹெட் வந்து சேரும். இவ்வளவு பாடுபட்டுக் கொண்டுவந்த கோதுமையைத் திருப்பி எடுத்துப்போக யாருக்கும் மனம் வராது என்பது கோபுரக்காரருக்கும் தெரியும். அந்தக் கோபம்தான் 'டெரிட்டோரியல் தானிய விவசாயிகள் சங்கம்' ஆயிற்று. ஆயுதம் எடுப்போம் என்று பேசிய இளைஞர்களைச் சட்டத்தின் பக்கம் திருப்பியது மதர்வெல்லின் பெரிய சாதனை என்று நான் நினைக்கிறேன்.

சங்கத்தின் முதல் கோரிக்கை மிக எளிது. நிலையத்தில் ஒரு நோட்டு வைக்க வேண்டும். வேகன் வேண்டுபவர் அதில் பெயர் எழுதுவார். விவசாயியோ கோபுரமோ, எழுதிய வரிசைப்படியே வேகன் தர வேண்டும். 1902இல் இது சட்டத் திருத்தமாகவே வந்துவிட்டது.

அறுவடை வந்தது. ரயில்வே பழைய வழக்கத்தையே தொடர்ந்தது. அப்போதுதான் சங்கம், நான் தொடக்கத்தில் சொன்ன அந்தச் சின்டலூட்டா வழக்கைத் தொடுத்தது. விதித்த அபராதம் கம்பெனிக்கு ஒரு பொருட்டே அல்ல. ஆனால் தீர்ப்பு உறுதியானபோது புல்வெளி முழுவதிலும் உள்ள ஒவ்வொரு நிலைய ஏஜென்டும் அந்த நோட்டை விரித்துவைக்க வேண்டியதாயிற்று. ஒரு வேகன் ஏறத்தாழ ஆயிரம் புஷல் கொள்ளும். தனியாக முடியாதவர்கள் கூட்டாகச் சேர்ந்து வேகன் பிடித்தார்கள். வண்டியை மேடையில் நிறுத்தி, மண்வெட்டி போன்ற அள்ளுகரண்டியால் குளிரில் நின்று தாங்களே அள்ளிப் போட்டார்கள். முதுகொடியும் வேலை. பெரும்பாலோர் அதற்குப் பிறகும் கோபுரத்துக்கே போனார்கள் என்பதும் உண்மை. ஆனால் 'விலை சரியில்லையென்றால் மேடைக்குப் போகிறேன்' என்று சொல்ல முடிந்ததே, அதுதான் விஷயம். அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்ல முடிந்த நாளில்தான் சந்தை அந்த விவசாயியிடம் வந்தது. தண்டவாளம் வந்த நாளில் அல்ல.

சின்டலூட்டா மண்ணிலிருந்து இன்னொருவர் கிளம்பினார், ஈ. ஏ. பார்ட்ரிட்ஜ். வேகன் கிடைத்தது, சரி. அது வினிப்பெக் போன பிறகு என்ன ஆகிறது என்று பார்க்க 1905இல் சங்கத்தின் சார்பில் அவர் வினிப்பெக் தானியச் சந்தைக்குப் போனார். அந்தச் சந்தை 1887இல் தொடங்கியது. 1904 முதல் அங்கே முன்பேர வணிகமும் நடந்தது. அதாவது, இன்னும் விளையாத கோதுமையையே வாங்கி விற்பது. மரியாதையான வரவேற்பு எதுவும் அவருக்குக் கிடைக்கவில்லை. ஊர் திரும்பிய பார்ட்ரிட்ஜ், விவசாயிகளே பங்கு போட்டு ஒரு வணிகக் கம்பெனி தொடங்கி அந்தச் சந்தையில் ஓர் இடம் வாங்க வேண்டும் என்று ஊர் ஊராகப் பேசினார். 1906இல் அது நடந்தது. லாபத்தை, கோதுமை அனுப்பிய அளவுக்கு ஏற்ப விவசாயிகளுக்கே பிரித்துக் கொடுப்போம் என்று கம்பெனி அறிவித்ததும், அது தரகு விதியை மீறுவதாகச் சொல்லிச் சந்தை அவர்களை வெளியேற்றியது. மனிடோபா அரசு தலையிட்ட பிறகு 1907இல் திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள். அந்த ஆண்டிலேயே வயல் விபத்தொன்றில் பார்ட்ரிட்ஜ் ஒரு காலின் பகுதியை இழந்தார். பேசுவதை நிறுத்தவில்லை.

கட்டணத்தின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1897இல் குரோஸ்நெஸ்ட் கணவாய் வழியாக ஒரு புதுப் பாதை போட ரயில்வேக்கு அரசின் பணம் தேவைப்பட்டது. பணம் தருகிறோம், பதிலுக்குக் கிழக்கே போகும் தானியத்துக்கு நூறு பவுண்டுக்கு 3 சென்ட் குறை என்றது அரசு. ரெஜைனாவிலிருந்து ஃபோர்ட் வில்லியம்வரை நூறு பவுண்டுக்கு 20 சென்ட் என்று நின்றது கட்டணம். ஆயிரம் புஷல் வேகன் ஒன்றுக்கு விவசாயிக்கு மிச்சம் 18 டாலர். ஒரு குடியேறி 160 ஏக்கருக்கு மனு போட அரசுக்குக் கட்டியது 10 டாலர்தான் என்பதை நினைத்தால் அதன் பெறுமதி புரியும். முதல் உலகப் போர்க்காலத்தில் இடையில் விட்டுப்போனாலும், தானியத்துக்கான இந்தக் கட்டணம் 1980கள்வரை சட்டமாக நீடித்தது. பணம் கொடுக்கும்போதே நிபந்தனையும் போட்ட அரசை, அந்த விஷயத்தில் நான் மனமாரப் பாராட்டுகிறேன்.

இந்தியாவுக்கும் இதில் பங்குண்டு. ரெட் ஃபைஃப் நல்ல ரகம்தான். ஆனால் முதிர நாளாகும், முன்பனி வந்தால் கருகிவிடும். அதோடு சீக்கிரம் விளையும் 'ஹார்ட் ரெட் கல்கத்தா' என்ற இந்தியக் கோதுமையைச் சேர்த்து 1892இல் ஒரு கலப்பு செய்திருந்தார்கள். அதன் வழிவந்த கதிர்களிலிருந்து 1904இல் ஆட்டவாவில் சார்லஸ் சாண்டர்ஸ் ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். மாவு அரைத்துப் பார்க்கும் அளவுக்கு விதை இல்லாதபோது, மணிகளை வாயில் போட்டு மென்றே அதன் பசைத்தன்மையைக் கணித்தவர் அவர். அதுதான் 'மார்க்விஸ்'. ரெட் ஃபைஃபைவிட ஏறத்தாழ ஒரு வாரம் முந்தி விளைந்தது. அந்த ஒரு வாரம், பயிரைப் பனியிலிருந்து காத்ததோடு, ஏரிப் பாதை மூடும் முன்பே வேகனைத் துறைமுகத்துக்கு அனுப்பவும் உதவியது. 1911இல் நியூயார்க் கண்காட்சியில் கண்டத்தின் சிறந்த கோதுமைக்கான ஆயிரம் டாலர் தங்கப் பரிசை மார்க்விஸ் விளைவித்த சஸ்காச்சுவான் மாநில விவசாயி சீகர் வீலர் வென்றார். பரிசை அறிவித்தவர் கனடியன் பசிபிக்கின் தலைவர். விவசாயி விளைவித்தால்தான் வேகன் நிறையும் என்று ரயில்வேக்கும் தெரியும். 1920 வாக்கில் பிரெய்ரி கோதுமையில் பத்தில் ஒன்பது பங்கு இந்த ரகம்.

1901இல் நான்கு லட்சத்துக்குச் சற்று மேலாக இருந்த பிரெய்ரி மக்கள் தொகை, 1911இல் பதின்மூன்று லட்சத்தைத் தாண்டியது. உக்ரைனியர்களும், ருஷ்யாவிலிருந்து ஒடுக்குமுறைக்குத் தப்பி வந்த டூக்கோபோர்களும், ஐஸ்லாந்துக்காரர்களும் இதே ரயிலில் வந்து இறங்கினார்கள். மரமில்லாத நிலத்தில் வீடு கட்டப் பலகையும், உழவு இயந்திரமும், ஈட்டன் கடையின் விலைப்பட்டியலைப் பார்த்து வரவழைத்த துணியும் அடுப்பும் ரயிலில் வந்தன. கோதுமை உலக விலைக்கு விற்றது. இயந்திரமோ இறக்குமதி வரியால் உயர்ந்த உள்நாட்டு விலைக்கு வந்தது. இந்த ஏற்றத்தாழ்வு பற்றித் தனியாகவே ஒரு நாள் பேசலாம்.

இப்போது, மறுபடி பேசுவேன் என்று சொன்னதற்கு வருகிறேன். நான் இதுவரை 'விவசாயிகள்' என்று சொன்னபோது யாரை விட்டுவிட்டேன் என்பதைச் சொல்லாமல் இந்தப் பேச்சை முடித்தால் அது அநீதி.

1870களின் உடன்படிக்கைகளில் கிரீ முதலான பூர்வகுடி மக்கள் தங்கள் பரந்த நிலத்தை விட்டுக்கொடுத்து, ஒதுக்கப்பட்ட சிறு பகுதிகளுக்குப் போனார்கள். காட்டெருமைக் கூட்டங்கள் அழிந்துகொண்டிருந்தன. இனி உழுது பிழைப்போம், எங்களுக்குக் கலப்பையும் மாடும் விதையும் தாருங்கள் என்று கேட்டு எழுதி வாங்கினார்கள். நல்ல கருவிகள் நேரத்துக்கு வரவில்லை. ஆனாலும் பலர் உழுதார்கள். 1880களில் சில ஒதுக்கிடங்களில் கோதுமை நன்றாகவே விளைந்தது. அவர்களே சேமித்து அறுவடை இயந்திரம் வாங்கத் தொடங்கினார்கள். கண்காட்சிகளில் வெள்ளையரோடு போட்டியிட்டுப் பரிசு வாங்கினார்கள்.

அரசு என்ன செய்தது? பூர்வகுடி விவசாயி தன் தானியத்தை விற்க வேண்டுமானால் அரசு அதிகாரியிடம் அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும் என்று 1881இலேயே சட்டம் போட்டிருந்தது. அனுமதியில்லாமல் அவரிடம் வாங்குபவருக்குத் தண்டனை. 1889இல் ஹேட்டர் ரீட் என்ற அதிகாரி இன்னும் ஒரு படி போனார். குடும்பத்துக்கு ஓர் ஏக்கர் கோதுமை, கொஞ்சம் கிழங்கு, ஒன்றிரண்டு பசு போதும். இயந்திரம் கூடாது, கையால் விதைத்து அரிவாளால் அறுத்துக் கையால் அரைத்துக்கொள்ளட்டும் என்பது அவருடைய கொள்கை. பக்கத்து வயலில் வெள்ளைக்காரக் குடியேறி அறுவடை இயந்திரம் ஓட்டுகிறான். அதே மண், அதே மழை, அதே ரயில் நிலையம். ஆனால் இவர் கோதுமை விளைவித்தாலும், அதிகாரியின் சீட்டில்லாமல் கோபுரத்துக்கும் கொண்டுபோக முடியாது, மேடைக்கும் கொண்டுபோக முடியாது. நிலைய நோட்டில் பெயர் எழுதும் வரிசையில் அவருக்கு இடமே இல்லை. வரலாற்றாய்வாளர் சாரா கார்ட்டர் 'லாஸ்ட் ஹார்வெஸ்ட்ஸ்' என்ற நூலில் இதை ஆவணங்களோடு நிறுவியிருக்கிறார். பூர்வகுடிகளுக்கு விவசாயம் வரவில்லை என்று நீண்ட நாள் சொல்லிவந்த கதையை அந்த நூல் உடைத்தது. ரீடின் கொள்கை 1890களின் இறுதியில் கைவிடப்பட்டது. விற்பனை அனுமதிச் சீட்டுக்கான பிரிவு சட்டப் புத்தகத்திலிருந்து நீக்கப்பட்ட ஆண்டு 2014. நான் தவறாகச் சொல்லவில்லை, இரண்டாயிரத்துப் பதினான்கு.

மதர்வெல்லின் சங்கத்தவர்கள் கேட்டது முழுக்க நியாயம். ஆனால் அந்த நியாயத்தை அவர்கள் பக்கத்து ஒதுக்கிடத்து விவசாயிக்காகக் கேட்கவில்லை. இரண்டையும் சேர்த்துத்தான் நாம் நினைவில் வைக்க வேண்டும்.

பின்னால் நடந்தவற்றை வேகமாகச் சொல்கிறேன். 1920களில் விவசாயிகள் மாநிலவாரியாகக் கூட்டு விற்பனை அமைப்புகளைக் கட்டினார்கள். அந்தப் பத்தாண்டின் இறுதியில் உலகக் கோதுமை ஏற்றுமதியில் கனடா முதலிடத்தில் இருந்தது. 1932 இறுதியில் வினிப்பெக்கில் முதல் தரக் கோதுமையே புஷல் 40 சென்ட்டுக்கும் கீழே விழுந்தது. அதில் ரெஜைனா விவசாயி ரயிலுக்கு மட்டும் 12 சென்ட் கொடுக்க வேண்டும். கூடவே வறட்சி. உலகச் சந்தையோடு இணைந்தவனை உலகின் வீழ்ச்சியும் வந்து தொட்டது. 1935இல் அரசின் கோதுமை வாரியம் வந்தது. கோதுமையை அதனிடம் மட்டுமே விற்க வேண்டும் என்ற விதி 2012இல் போயிற்று. மரக் கோபுரங்கள் 1930களில் 5,700க்கும் மேல் இருந்தன. இன்று பெரும்பாலானவை இடிக்கப்பட்டுவிட்டன; கான்கிரீட்டில் எழுந்த பெரும் கிடங்குகள் சில நூறு அந்த வேலையைச் செய்கின்றன. விவசாயி தன் பெயரில் வேகன் கேட்கும் உரிமை மட்டும் கனடாவின் தானியச் சட்டத்தில் இன்றும் இருக்கிறது.

அது பழங்கதை அல்ல என்பதற்கு ஒரு சான்று. 2013இல் மேற்குக் கனடாவில் மீண்டும் வரலாறு காணாத விளைச்சல். கடும் குளிர் வந்தது, வேகன்கள் வரவில்லை, கோதுமை பண்ணைகளில் குவிந்தது. கடுங்குளிரில் வண்டி ஓட்ட முடியவில்லை என்றன ரயில் கம்பெனிகள். எங்கள் சரக்கைவிட மற்றவர்கள் சரக்குக்கு முன்னுரிமை தருகிறார்கள் என்றார்கள் விவசாயிகள். 2014 மார்ச்சில் அரசு இரண்டு பெரிய ரயில் கம்பெனிகளுக்கும் ஆணையிட்டது: வாரத்துக்கு ஆளுக்கு 5 லட்சம் டன் தானியம் ஏற்றியே ஆக வேண்டும், இல்லையென்றால் அபராதம். இண்டியன் ஹெட் கூட்டத்தில் 1901இல் பேசிய அதே பேச்சை, 112 ஆண்டுகள் கழித்து அவர்களுடைய கொள்ளுப்பேரர்கள் பேசினார்கள்.

அதே நிலத்தில் இன்று கோதுமையோடு பருப்பும் விளைகிறது. நம் கடைகளில் விற்கும் மைசூர் பருப்பில் ஒரு பங்கு சஸ்காச்சுவானிலிருந்து வருவது. ராக்கி மலையைத் தாண்டி, வான்கூவர் துறைமுகம்வரை ரயிலில் வந்து, கப்பலேறி நம்மிடம் வருகிறது. 2017இன் இறுதியில் நம் விவசாயிகளின் விலையைக் காக்க டெல்லி அந்தப் பருப்புக்கு 30 விழுக்காடு இறக்குமதி வரி போட்டது. அதன் அடி நேராகச் சஸ்காச்சுவான் பண்ணைகளில் விழுந்தது; அடுத்த பருவத்தில் எத்தனை ஏக்கரில் பருப்பு விதைப்பது என்று அங்கே கணக்கை மாற்றிப் போட்டார்கள். சின்டலூட்டா நிலையத்தில் தொடங்கிய பாதையின் ஒரு முனை இப்போது நம் மளிகைக் கடையில் இருக்கிறது. அந்த முனையில் வாங்குபவர்களாகவும், நம் வயல்களில் அதே பருப்பை விளைவிப்பவர்களாகவும் நிற்பவர்கள் நாம்தான்.